அசதிக்கு எட்டுப் பாடம்

ஏலே பேராண்டி, அசதிக்குப் பாடத்திட்டம் போட்டிருக்காவ, தெரியுமா உனக்கு? எட்டுப் பாடம். கம்ப்யூட்டர்ல வருது. ஒவ்வொரு பாடத்துக்கும் வீட்டுப்பாடம் உண்டு. காலையில எத்தனை மணிக்கு முழிச்ச, ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்த, நடுவுல என்ன சோலி பாத்த, எப்ப மேலு சாஞ்சுது, அம்புட்டையும் கட்டம் போட்ட தாள்ல எழுதணும். யாரு எழுதணும்? அசந்துபோயிப் படுத்துக் கெடக்கவன் எழுதணும். பேனாவப் பிடிக்க முடியாம விரல் மரத்துப்போன ஆளு எழுதணும். வெள்ளக்காரன் மூளையே மூளை.

சிரிச்சு முடிச்சாச்சா? இனி நோயக் கேளு.

பேரு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். நோயாளியும் டாக்டரும் எம்.எஸ்.னு சுருக்கிட்டாவ. பாரிஸ்ல சால்பெத்ரியேர்னு ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்க ஷார்க்கோன்னு ஒரு டாக்டர் இருந்தாரு. நடுக்கமும் தள்ளாட்டமுமாக் கெடந்து செத்துப்போனவங்க மூளைய அறுத்துப் பாத்து, அங்கங்க தழும்பு தழும்பாத் தடிச்சிருக்கத 1868-ல எடுத்துச் சொன்னாரு. அதுவரைக்கும் இதையும் நடுக்குவாதத்தையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிட்டுக் கெடந்தாவ. உடம்பக் காவல் காக்கவேண்டிய அணுவே புத்திமாறிப் போயி, நரம்பு மேல இருக்க மயலின்ங்கற உறையக் கடிச்சுத் தின்னுருது. அதுதான் நோய்.

குளிர் நாட்டுல கூட்டம் அதிகம். பிரிட்டன்ல மட்டும் ஒண்ணரை லட்சம் பேருங்காவ. உலகம் பூரா 2020 கணக்குக்கு 28 லட்சம். ஆம்பளையவிடப் பொம்பளைக்கு ரெண்டு மடங்குக்குக் கொறையாம வருது. அதுவும் கெழடு தட்டுனப் பொறவா? இல்ல. இருபது, முப்பது வயசுல, சோலி பாக்க வேண்டிய வயசுல வந்து ஒட்டிக்கிடுது.

சரி, உறை போனா ஏம்லே அசதி வரணும்? கெணத்துக்கும் கடைசி வயலுக்கும் நடுவுல வாய்க்கால் ஒடைஞ்சு கெடக்குன்னு வையி. தண்ணி போய்ச் சேராமலா இருக்கும்? சேரும். ஆனா பாதிய மண்ணு குடிச்சிரும். ஒரு மணி நேரம் ஓட வேண்டிய மோட்டார் மூணு மணி நேரம் ஓடணும். வயல்ல மம்பட்டியோட நிக்கவன் 'என்ன இன்னைக்கு வரத்தே இல்ல'ம்பான். மோட்டார் சூடேறிக் கெடக்கது அவன் கண்ணுக்குத் தெரியாது. கையத் தூக்குன்னு மூளை அனுப்புத சேதி அந்த ஒடைஞ்ச நரம்பு வழியாப் போய்ச் சேர, மூளை கூடுதலா ஒழைக்கணும். அசதியில ஒரு பங்கு இது. மத்த பங்கும் இருக்கு. ராத்திரி நாலு தடவ மூத்திரத்துக்கு எந்திரிக்கணும். கால் வெட்டி இழுக்கும். மனசு சுருங்கிக் கெடக்கும். சாப்பிடுத மாத்திரை சிலதே தூக்கத்தக் கொண்டாரும். எல்லாம் சேந்துதான் ஆளச் சாய்க்குது. பத்துப் பேருல எட்டுப் பேருக்கு இது உண்டு.

சூடும் ஆவாது. 1890-ல ஊட்ஹோஃப்ங்கற ஜெர்மன் கண் டாக்டர் ஒண்ணக் கவனிச்சாரு. இந்த நோயாளிக ஓடியாடி மேலு சூடானா பார்வை மங்குது, ஓஞ்சு உக்காந்தா திரும்புது. பொறவு வந்த டாக்டர்மாரு இத வச்சே ஒரு சோதனை கட்டுனாவ. ஆள வெந்நித் தொட்டியில எறக்கிவிடுறது. உள்ள இருக்கைல தடுமாட்டம் கூடிச்சா? அப்ப எம்.எஸ்.! ஸ்கேன் மிஷின் வந்து சேந்தப் பொறவுதான் தொட்டிக்கு ஓய்வு. அதுவரைக்கும் பாவம், வெந்நியில வெந்துதான் சர்டிபிகேட் வாங்கியிருக்கான்.

இதனாலயே ரொம்பக் காலம் 'நடக்காத, ஆடாத, படு'ன்னு சொல்லிட்டிருந்தாவ. இப்ப 'எந்திரி, நட, உடற்பயிற்சி பண்ணு'ங்காவ. அதே நோய். அதே உடம்பு. டாக்டர்மாருதான் கட்சி மாறிட்டாவ.

எம் பேத்தி இங்கிலாந்துல ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். இந்த அசதிக்காரங்களுக்கு வகுப்பெடுக்கதுதான் அவ சோலி. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. விவரம் அவளுது, வாய் என்னுது. கேட்டுக்கோ.

இந்த நோயில மத்ததெல்லாம் நாலு பேரு கண்ணுக்குத் தெரியும். கால் இழுக்கது தெரியும். கம்பு ஊனுறது தெரியும். அசதி தெரியுமா? பாக்கப் பளிச்சுன்னு இருப்பாவ. ஊனமுற்றவங்க வண்டி நிறுத்துற எடத்துல நீல அட்டைய வச்சுட்டு இந்த நோய்க்கார அம்மா ஒருத்தி எறங்கினா, அடுத்த காருக்காரன் மொறைப்பான். 'இவளுக்கு என்ன கேடு?' சொந்தக்காரன் அதவிட மோசம். 'நல்லாத் தூங்கு, சரியாப்போவும்'பான் ஒருத்தன். 'எனக்குந்தான் அசதி'ம்பா இன்னொருத்தி. தூங்கினா தீருற அசதிக்கு எவன்லே டாக்டர்ட்டப் போவான்? இது தூங்கி எந்திரிக்கைலயே கூட எந்திரிக்கிற அசதி. 'உடம்பு வணங்காத பய'ன்னு நாமளும் எத்தனை பேரச் சொல்லியிருப்போம். அதுல ஒருத்தனுக்கு இது இருந்துருக்காதுன்னு யாரு கண்டா?

மாத்திரை இல்லையான்னு கேப்ப. இருக்கு, மூணு இருக்கு. அமான்டடின், மொடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட். முதலாவது ஃப்ளூ காய்ச்சலுக்கு வந்தது. ரெண்டாவது பகல்ல தூங்கித் தூங்கி விழுறவனுக்கு. மூணாவது ஓரெடத்துல உக்காராத புள்ளைகளுக்கு. இந்த மூணையும் எம்.எஸ். அசதிக்கு வருஷக்கணக்கா எழுதிக் குடுத்துட்டிருந்தாவ. அமெரிக்காவுல 141 பேரப் பிடிச்சு, மூணையும் மாத்தி மாத்திக் குடுத்தாவ. நாலாவதா ஒரு வெத்து மாத்திரையும் குடுத்தாவ. எந்த மாத்திரை எப்ப உள்ள போவுதுன்னு குடுக்கவனுக்கும் தெரியாது, முழுங்குறவனுக்கும் தெரியாது. 2021-ல முடிவு வந்துது. வெத்து மாத்திரைய எதுவும் ஜெயிக்கல. இதுல கூத்து என்னன்னா, வெத்து மாத்திரை தின்னப்பவும் அசதி கொறஞ்சிருக்கு! பக்க விளைவுல மட்டும் அசல் மாத்திரைக்குத்தான் முதல் பரிசு.

இந்த எடத்துலதான் காக்னிடிவ் பிஹேவியரல் தெரபி, சுருக்கமா சி.பி.டி., உள்ள வருது. நடத்தை, சிகிச்சைன்னு பெரிய பெரிய வார்த்தை சொல்லுவான் உன் காலேஜ் வாத்தியான். நான் சொல்லுததக் கேளு. பிலடெல்பியாவுல ஆரோன் பெக்னு ஒரு மனநல டாக்டர். கழுத்துல எப்பவும் ஒரு போ டை. நூறு வயசு இருந்துட்டு 2021-லதான் போனாரு. அவரு 1960-கள்ல மனச்சோர்வுக்காரங்களப் பேசவிட்டுக் கேட்டாரு. ஒவ்வொருத்தன் மண்டைக்குள்ளயும் அவனே கவனிக்காம ஒரு வாய் ஓயாமப் பேசிட்டிருக்கதக் கண்டுக்கிட்டாரு. 'உனக்கு வராது. நீ தேற மாட்ட. ஒன்னால எல்லாத்துக்கும் கஷ்டம்.' அந்த வாய நிறுத்தி, 'எத வச்சுலே சொல்லுத?'ன்னு சாட்சி கேக்கது பாதி வைத்தியம். செய்யுத சோலிய மாத்திச் செஞ்சு பாக்கது மீதி வைத்தியம்.

உங்க பாட்டி இத ஒரு தம்ளர் மோரோட முடிச்சிருவா. 'சும்மா கெட, எவன் சொன்னான் உனக்கு?'ம்பா. முடிஞ்சு போச்சு. அதுக்குப் பட்டமும் இல்ல, பீசும் இல்ல. ஆனா எத்தனை பேருக்குச் சொன்னா, எத்தனை பேரு தேறுனான்னு அவ கணக்கு வச்சாளா? சொல்லாம விட்டவன் என்ன ஆனான்னு போய்ப் பாத்தாளா? அங்கதான் வெள்ளக்காரன் நம்மள மிஞ்சுதான். கூறுள்ள பேச்சையும் தராசுல வச்சு நிறுத்துப் பாக்கான்.

ரோனா மாஸ்-மாரிஸ்னு ஒரு அம்மா. உடல்நல உளவியல் பேராசிரியர். நியூசிலாந்துல ஆக்லாந்துல இருந்தாவ, பொறவு சவுத்தாம்ப்டன், இப்ப லண்டன் கிங்ஸ் காலேஜ். அவங்க கூட்டந்தான் இந்த அசதிக்கு சி.பி.டி.யத் தச்சுக் குடுத்தது. 2008-ல நியூசிலாந்துல 72 பேர ரெண்டாப் பிரிச்சாவ. பாதிப் பேருக்கு வாரம் ஒண்ணா எட்டு வாரம் சி.பி.டி. மீதிப் பேருக்கு ஒடம்பத் தளர்த்தி மூச்சு விடுத பயிற்சி. ரெண்டு பக்கமும் அசதி கொறஞ்சுது. எவ்வளவு கொறஞ்சுது? நோயே இல்லாத ஆளுகளுக்கு இருக்க அசதி அளவுக்கு எறங்கிருச்சு. சி.பி.டி. ஒருபடி மேல, அது நெசம். ஆனா சும்மா மூச்சு விட்டவனுக்கும் கொறஞ்சுதே! ஒழைச்சு ஓடாப்போன ஒலகத்துல ஒருத்தர வாரா வாரம் கூப்பிட்டு உக்காரவச்சு 'ஒடம்பத் தளத்து, அவசரமில்ல'ன்னு சொன்னா கொறையத்தான் செய்யும்.

பொறவுதான் கம்ப்யூட்டருக்கு மாத்துனாவ. எல்லா நோயாளிக்கும் எதுர உக்கார ஆள் வேண்டாமா? சம்பளம் யாரு குடுக்க? அதனால எட்டுப் பாடத்த இணையத்துல ஏத்திட்டாவ. பேரு எம்எஸ் இன்விகரேட். நீயே படி, நீயே எழுது, நீயே தேறு. 2012-ல 40 பேருகிட்ட பரீட்சை பாத்தாவ. 23 பேருக்குப் பாடம், 17 பேருக்கு வழக்கமா நடக்குத கவனிப்பு. பாடம் படிச்சவங்களுக்கு நல்லாவே கொறஞ்சுது.

பாடத்துல என்னதான் இருக்கு? நோய் ஒண்ணு, அசதி ஒண்ணுன்னு மொதல்ல பிரிச்சுக் காட்டுதாவ. நோய் அசதியக் கெளப்பிவிடும். ஆனா கெளம்புனத ஊதி ஊதிப் பெருசாக்குதது நம்ம நடப்பும் நெனப்புமாத்தான் இருக்கும். நோய மாத்த ஒன்னால ஆவாது. நடப்ப மாத்தலாம். அந்தத் தாளு எதுக்குன்னா அதுக்குத்தான். கட்டத்த நெறப்பிப் பாத்தா ஒரு கூத்து வெளிய வரும்.

நல்ல நாளு ஒண்ணு வருதுன்னு வையி. வெயில் அடிக்குது. இங்கிலாந்துலயும் எப்பவாவது அடிக்கும். மேலு லேசா இருக்கு. உடனே நோய்க்கார அம்மா ஒருத்தி என்ன செய்வா? 'இன்னைக்கு விட்டா என்னைக்கு?'ம்பா. முன்வாசல் புல்ல வெட்டுவா. சன்னல் சீலை அத்தனையும் எறக்கித் தொவைப்பா. கடைக்குப் போயி ஒரு வாரத்துச் சாமானத் தூக்கியாருவா. அதோட விட்டாளா? சாயங்காலம் தங்கச்சி வீட்டுக்குப் போயி, அவ புள்ளையளுக்குக் கேக் சுட்டுக் குடுத்துட்டு வருவா. மறுநாளு தலையத் தூக்க ஏலாது. மூணு நாளு கட்டில். நாலாம் நாளு கண்ணு தெளியும். அதுக்குள்ள பாத்திரம் குமிஞ்சு கெடக்கும், துணி குமிஞ்சு கெடக்கும், மனசுல குத்தம் குமிஞ்சு கெடக்கும். மூணு நாளு விட்டதையும் ஒரே மூச்சுல செய்ய எந்திரிப்பா. திரும்பவும் கட்டில். ஏறுறதும் விழுறதுமா வருஷம் ஓடிரும். வரவர ஏறுறது கொறையும், விழுறது கூடும். படுத்தே கெடந்தா தசை வத்தும். தசை வத்துனா அடுத்த தடவ கொஞ்சம் நடந்தாலே அசதி. பாத்தியா, சோலியும் கெடுக்கு, ஓய்வும் கெடுக்கு.

வைத்தியம் என்ன? நல்ல நாளுலயும் கெட்ட நாளுலயும் செய்ய முடியுத ஒரு அளவப் பிடி. அத தெனமும் செய்யி. மேலு லேசா இருக்குன்னு கூடச் செய்யாத. சடவா இருக்குன்னு அடியோட விடாத. ஓய்வ ஒடம்புகிட்ட கேக்காத, கடியாரத்துக்கிட்ட கேளு. பதினொரு மணிக்கு உக்காரணும்னா, அசதி இல்லேன்னாலும் உக்காரு. அந்த அளவு பழகுனப் பொறவு பையப் பையக் கூட்டு. அம்புட்டுதான்.

'இதக் கண்டுபிடிக்கவா பேராசிரியரு?'ன்னு கேப்ப. சரியான கேள்வி. களைக்கதுக்கு முந்தி உக்காருன்னு கூறுள்ள எவனுக்கும் தெரியும். தெரியும்லா? நீ செய்தியா? பரீட்சைக்கு முந்தின ராத்திரி மொத்தப் புத்தகத்தையும் முழுங்குனவன்தான நீ? நல்ல நாளுல சும்மா உக்காரதுதான் ஒலகத்துலயே கஷ்டமான சோலி. அதுவும் மூணு நாளா மொடங்கிக் கெடந்தவகிட்ட, 'இன்னைக்கும் பாதி புல்லுதான் வெட்டணும்'னு சொல்லிப் பாரு, அடிக்க வருவா. கூறு எல்லார்கிட்டயும் இருக்கு. அது சொல்லுததக் கேக்கதுக்குத்தான் தாளும் பேனாவும்.

இன்னொண்ணு, எது ஓய்வு? ஓய்வுன்னு சொல்லிட்டு சோபாவுல சாஞ்சு அலுவலக மெயிலப் பாக்கது ஓய்வில்ல. கடன் கணக்க மண்டைக்குள்ள ஓட்டுறதும் ஓய்வில்ல. அந்தப் பாடத்துல இதையும் சொல்லிக் குடுக்காவ. இதுக்கும் ஒரு பாடமான்னு கேக்காத. உங்கப்பன் ஓய்வெடுத்து நீ பாத்திருக்கியா?

இலக்குன்னு ஒரு பாடம் இருக்கு. இதுலதான் எனக்குச் சிரிப்பு அடங்கல. 'குளிக்கப் போறேன்'னு சொன்னா அது இலக்கு கிடையாதாம். எந்தக் கிழமை, எத்தனை மணி, எத்தனை நிமிஷம், நின்னா உக்காந்தா, எல்லாம் அளந்து சொன்னாத்தான் இலக்கு. கம்பெனி மேனேஜரு கூட்டம் போட்டுப் பேசுத பேச்ச அப்படியே குளியலறைக்குள்ள கொண்டாந்துட்டாவ. ஆனா பேத்தி ஒண்ணு சொன்னா. உக்காந்து குளிக்க ஒரு ஸ்டூல் போட்டுக் குடுத்ததும், குளிச்ச கையோட படுத்துக்கிடுற ஒரு அம்மா அன்னைக்குச் சமையலும் பண்ணுச்சாம். அப்ப அளந்து சொன்னதுல அர்த்தம் இருக்குலா? ஸ்டூலு வெலை என்ன, பேராசிரியரு வெலை என்ன, அது வேற கணக்கு.

நெனப்புக்கு வருவோம். அசதி வந்ததும் மண்டைக்குள்ள இருக்க வாய் என்ன சொல்லும்? 'போச்சு, நோய் முத்திருச்சு. அடுத்து சக்கர நாற்காலிதான்.' இது சாட்சியில்லாத பேச்சு. சூட்டுலயும் அலைச்சல்லயும் கூடுத தடுமாட்டம், ஆறுனா எறங்கிரும். புதுசா நரம்பு கெட்டதுன்னு அதுக்கு அர்த்தமில்ல. இது தெரியாதவன் பயந்துட்டே படுப்பான். பயந்து படுத்தவனுக்குத் தூக்கம் வருமா? வராது. தூங்காதவனுக்கு மறுநாளு அசதி கொறையுமா?

இன்னொரு வாய் இருக்கு, வீம்பு வாய். 'முந்தி நான் செஞ்சது எல்லாத்தையும் இப்பவும் செய்வேன், இல்லேன்னா நான் எதுக்கும் ஆவாதவ.' வெள்ளக்காரங்ககிட்ட இது கொஞ்சம் தூக்கலு. எப்படி இருக்கன்னு கேட்டா, உயிர் போற நேரத்துலயும் 'ஐ ஆம் ஃபைன்'னுதான் பதில் வரும். உதவி கேக்கதுன்னா கழுத்த அறுத்த கதைதான். அதனால பக்கத்துல இருக்கவங்ககிட்ட எப்படிக் கேக்கணும், எப்படி மறுக்கணும்னு அந்தப் பாடத்துல வச்சிருக்காவ. நம்ம ஆளுக்கு அந்தக் கொறை கிடையாது. நம்ம வீட்டுல கேக்காமலே உதவி வரும், கூடவே அத்தை வருவா, அவ அறிவுரையும் வரும். 'நீ எந்திரிக்காத, நீ தொடாத, நாங்க பாத்துக்கிடுதோம்'னு ஆள ஒரேயடியாப் படுக்க வச்சிருவோம். கெடுக்கதுல ரெண்டு கூட்டமும் சமம்.

இப்பத்தான் முக்கியமான எடத்துக்கு வாரேன். நீயே படி, நீயே தேறுன்னு சொன்னாவல்லா? 2012 பரீட்சையில ஒரு சங்கதிய மெதுவாத்தான் சொல்லுதாவ. பாடம் படிச்சவங்களுக்கு நடுவுல மூணு தடவ வரைக்கும் போன் பேச ஒரு ஆளு இருந்துது. அரை மணியிலருந்து ஒரு மணி நேரம். சரி, அந்த ஆளு இல்லாட்டி? அதையும் பாத்துருவோம்னு 2016-ல நியூசிலாந்துல 39 பேருகிட்ட பாத்தாவ. பாதிப் பேருக்கு வெறும் பாடம். மீதிப் பேருக்கு அதே பாடம், கூட ஒரு ஆளு ஈமெயில்ல விசாரிப்பு. விசாரிப்பு இருந்த பக்கம்தான் அசதி கூடுதலாக் கொறஞ்சுது. பாடத்துல ஒரு எழுத்து மாறல. 'எப்படியிருக்கிய, நேத்து எழுதுன தாளப் பாத்தேன்'னு ஒருத்தி கேட்டா, அவ்வளவுதான். கோடிக் கணக்குல செலவழிச்சு மனுசனுக்கு மனுசன் வேணும்னு கண்டுபிடிக்கானுவன்னு நீ சிரிப்ப. நான் சிரிக்கல. செலவழிக்காமலே தெரிஞ்சவன் எத்தனை பேரு பக்கத்து வீட்டுல போயிக் கேட்டான்?

ஆனா நானும் ஒரு பக்கமாவே பேசக்கூடாது. ஜெர்மன்காரன் நம்ம வாயடைக்க ஒண்ணு செஞ்சான். எலெவிடான்னு ஒரு நிரல். அதுல ஆளே கிடையாது. மிஷினே கேள்வி கேக்கும், நீ சொன்ன பதிலுக்கு ஏத்தாப்புல அடுத்ததப் பேசும். 275 பேரு, 12 வாரம். 2018-ல முடிவு சொன்னான்: அசதி கொறஞ்சுது, ஆறு மாசம் ஆகியும் நின்னுது. அங்க இப்ப டாக்டர் மாத்திரை எழுதுத சீட்டுலயே இந்த நிரலையும் எழுதிக் குடுக்காரு, இன்சூரன்சு காசு கட்டுது. அப்ப ஆளு வேண்டாமான்னு கேட்டா என்ன சொல்ல? அந்த மிஷினுக்கும் ஆளு விசாரிக்குத விதமாத்தான பேசச் சொல்லிக் குடுத்திருக்கான்? வேசமாவது மனுச வேசமாத்தான் இருக்கணும்போல.

ஹாலந்துல நடந்ததையும் கேளு. அங்க 91 பேரு. அதுல பாதிப் பேருகிட்ட ஆளே நேர்ல உக்காந்து நாலு மாசத்துல 12 தடவ பேசிப் பாத்தாவ. நாலு மாசம் முடியைல அசதி நல்லாக் கொறஞ்சுது. வருசம் முடியைல பாத்தா, பேசினவங்களும் பேசாதவங்களும் ஒண்ணுதான். பேச்சு நின்னுது, பழைய புல்லு வெட்டு ஆரம்பமாயிருக்கும். இத ஒளிக்காம அவங்களே 2017-ல எழுதிட்டாவ. அந்த நேர்மை எனக்குப் பிடிச்சுது. சர்வரோகத்துக்கும் லேகியம் விக்கவன் எவனாவது 'வருசம் கழிச்சுப் பாத்தேன், ஒண்ணும் நிக்கல'ன்னு பொட்டலத்துல அச்சடிச்சிருக்கானா?

பேத்தி எடுக்குத வகுப்பு வேற ரகம். பெயரு ஃபேசெட்ஸ். போர்ன்மத் பல்கலைக்கழகத்துக்காரங்க கட்டுனது. ஆறு வாரம், வாரத்துக்கு ஒண்ணரை மணி நேரம், ஆளுகள வட்டமா உக்காரவச்சு நடத்துறது. 164 பேருகிட்ட பாத்து 2013-ல எழுதுனாவ. இதுல பலன் வருசம் தாண்டியும் பெரும்பாலும் நின்னுருக்கு. ஏன் நின்னுதுன்னு அவ ஆயிரம் காரணம் சொல்லுதா. எனக்குப் பட்டது ஒண்ணு. அங்க வந்த ஒருத்தி தன்னோட புல்லு வெட்டுக் கதையச் சொன்னதும், எதுர இருந்த ஒருத்தன் சிரிச்சானாம். 'நான் காரு கழுவுனேன்'னானாம். அந்தச் சிரிப்பு எந்த நிரல்லயும் வராதுலே.

கடைசியா 2024-ல அமெரிக்காக்காரன் மாத்திரையையும் பேச்சையும் மோத விட்டான். 343 பேரு. ஒரு கூட்டத்துக்கு போன்ல சி.பி.டி., ஒரு கூட்டத்துக்கு மொடாஃபினில், ஒரு கூட்டத்துக்கு ரெண்டும். 12 வாரம் கழிச்சுப் பாத்தா மூணு கூட்டத்துக்கும் அசதி கொறஞ்சிருக்கு, ஏறத்தாழ ஒரே அளவுக்கு. ரெண்டையும் சேத்துக் குடுத்தவங்களுக்கு ரெட்டைப் பலன் ஒண்ணும் வரல. வெத்து மாத்திரைக் கதைய முன்னாடி சொன்னேன்லா? அதையும் பக்கத்துல வச்சுக்கிட்டு நீயே யோசி.

ஒரு எச்சரிக்கை மட்டும். பேசி அசதி கொறையுதுன்னதும், 'அப்ப இது மனசுலதான் இருக்கு'ன்னு தீர்ப்புச் சொல்லக் கெளம்பிராத. எம்.இ.ன்னு, நாட்பட்ட களைப்பு நோய்னு இன்னொண்ணு இருக்கு. அந்த நோயாளிகளுக்கு ஸ்கேன்ல காட்டத் தழும்பு இல்ல. அவங்களுக்கும் இதே வைத்தியத்தையும், படிப்படியாக் கூட்டுத உடற்பயிற்சியையும் 2007-ல சிபாரிசு பண்ணுனாவ. அவங்க கொதிச்சு எந்திரிச்சாவ. பத்து வருசத்துக்கு மேல சண்டை. 2021-ல பிரிட்டனோட நைஸ் அமைப்பு அந்த உடற்பயிற்சிய எடுத்துட்டு, சி.பி.டி. அந்த நோயக் குணமாக்காதுன்னும் எழுதுச்சு. எம்.எஸ். காரனுக்கு ஸ்கேன் இருக்கதால தப்பிச்சான். தழும்பக் காட்டுனாத்தான் அசதிய நம்புவோம்னா, நம்ம கூறு எந்த லெச்சணத்துல இருக்கு?

நீ என்ன செஞ்சிருக்க? கையில அது என்ன தாளு? ஒம்போது கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணுலருந்து ஏழு மார்க்கு. 1989-ல அமெரிக்காவுல க்ரப்னு ஒரு டாக்டரம்மா கூட்டம் செஞ்ச அளவுகோலுதான. சராசரி நாலைத் தாண்டுனா அசதி சாஸ்தின்னு அர்த்தம். உனக்கு அஞ்சு வந்துருக்கா? அதான் மூஞ்சிய அப்படி வச்சிருக்கியோ! ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன்ல ரீல்ஸ் பாத்தவனுக்கு அஞ்சு என்ன, ஏழே வரும். அந்தத் தாளு அசதிய அளக்கும், நோயச் சொல்லாது. இன்னைக்குப் பத்து மணிக்குப் போன அடுப்படியில வச்சுட்டுப் படு. ஒரு வாரம் கழிச்சுத் திரும்ப நெறப்பிப் பாரு.

ஆனா ஒரு கண்ணு வலியோட மங்குனா, ஒரு பக்கம் கையோ காலோ நாள்கணக்குல மரத்துக் கெடந்தா, கழுத்தக் குனியைல முதுகு வழியா கரண்டு பாஞ்சா, தாளையும் போட்டுட்டு என்னையும் விட்டுட்டு நரம்பு டாக்டர்ட்டப் போ. எங்கிட்ட வந்து நிக்காத.